நாலு வயதுப் பிள்ளைக்கு இடம் கொடுப்பது யார் வேலை?

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதிவது நம் எல்லாருக்கும் தெரிந்த வேலை. எங்கே பதிவது, எப்போது பதிவது, என்னென்ன பத்திரம் கொண்டுபோவது என்று பக்கத்து வீட்டு அக்காவே சொல்லிவிடுவார். ஆரம்பக் கல்வி 2003-இல் இருந்து கட்டாயம். ஏழு வயதுப் பிள்ளைக்கு இடம் இல்லை என்று கல்வி அமைச்சு சொல்ல முடியாது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு? ஐந்து வயதுப் பிள்ளைக்கு?

எங்கள் வீடமைப்புப் பகுதியில் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். குப்பை லோரி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது என்று வரும் புகார்களை எழுதி அனுப்புவதுதான் வழக்கமான வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் மலிவுவிலை அடுக்குமாடியில் இருந்து ஒரு தங்கை வந்து கேட்டார். “அண்ணே, கவர்மென்ட் பாலர் பள்ளி நம்ம பக்கத்துல எங்க இருக்கு? பிரைவேட்ல மாசம் 280 வெள்ளி கேக்கறாங்க. ரெண்டு பிள்ளைங்கண்ணே. யாரப் போயி கேக்கறது?”

சாதாரணக் கேள்வி என்றுதான் நினைத்தேன். முதலில் போன அலுவலகத்தில், அருகிலுள்ள பள்ளியின் பாலர் வகுப்பு நிறைந்துவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடலாம் என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில், “உங்கள் இடம் எங்கள் மையங்களுக்குத் தூரம், புதிய மையம் திறப்பதை மேலிடம்தான் முடிவு செய்யும்” என்றார்கள். மூன்றாவதாக நகராண்மைக் கழகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். “என்சிக், இத்து புக்கான் பீடாங் காமி.” எங்கள் துறை இல்லை என்று அர்த்தம். மூன்று பேரும் சொன்னது உண்மை. அவரவர் துறையின் எல்லையை அவரவர் சரியாகவே சொன்னார்கள். எங்கள் தாமானில் எத்தனை நாலு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு மட்டும் அந்த மூன்று எல்லைக்குள்ளும் இல்லை.

ஆக, நாங்களே எண்ணினோம். இரண்டு புளோக், ஒரு சனிக்கிழமை, நாலு பேர். நான்கு முதல் ஆறு வயதுக்குள் 31 பிள்ளைகள். பதிவு பெற்ற பாலர் பள்ளிக்குப் போகிறவர்கள் 14 பேர். எட்டுப் பேரைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகள் பார்த்துக்கொள்கிறார்கள். மீதி ஒன்பது பேரும் பாட்டியோடு, அல்லது வேலை முடிந்து வந்து தூங்கும் அப்பாவோடு, பெரும்பாலும் கைப்பேசியோடு.

இந்த ஒன்பது பேரும் ஒருநாள் முதலாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காருவார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை மூன்று மொழியிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும். இவன் பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பான். வகுப்பாசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பாடம் பெரும்பான்மையைப் பார்த்துத்தான் நகரும். அந்த இரண்டு வருட இடைவெளியை ஈடுகட்டும் செலவு பிறகு டியூஷன் என்ற பெயரில் குடும்பத்தின் தலையில் விழுகிறது. சில குடும்பங்களில் விழுவதே இல்லை. பிள்ளை அப்படியே பின்தங்கிவிடுகிறது.

ஒரு வயதுக்கு இத்தனை எஜமானர்கள்

இந்தக் குழப்பத்துக்கு வேர் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. எந்த வேலை யாருடையது என்று பிரிக்கும் பட்டியல் அது. கல்வி கூட்டரசின் கையில். நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். பாலர் பள்ளிக்கோ இரண்டும் வேண்டும். பாடத்திட்டமும் ஆசிரியரும் புத்ராஜெயாவில் இருந்து வர வேண்டும். மனை, கட்டடம், வாசல், வடிகால், பெயர்ப்பலகை எல்லாம் உள்ளூர் மன்றத்தின் அனுமதியோடு எழ வேண்டும்.

கூட்டரசுக்குள்ளேயும் ஒரே கை இல்லை. கல்வி அமைச்சு 1992-இல் ஆரம்பப் பள்ளிகளோடு இணைந்த பாலர் வகுப்புகளைப் பரிசோதனையாகத் தொடங்கியது. தமிழ்ப்பள்ளி வளாகத்தில் நாம் பார்ப்பது அந்த வகைதான். கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறை புறநகர் மேம்பாட்டு அமைச்சின் கீழ் 1970-களில் இருந்து பாலர் பள்ளிகளை நடத்துகிறது. எண்ணிக்கையில் 8,000-க்கும் மேல். ஒருமைப்பாட்டுத் துறை தனியாக 1,700-க்கும் மேற்பட்ட பாலர் பள்ளிகளை நடத்துகிறது. பல இனப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் 1984-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வந்துவிடும். அது சமூக நலத்துறையின் கீழ். ஒரே வீட்டின் முன்னறையில் மூன்று வயதுப் பிள்ளையையும் பின்னறையில் ஐந்து வயதுப் பிள்ளையையும் வைத்து நடத்துகிற ஓர் அம்மாள், இரண்டு அமைச்சுகளிடம் இரண்டு பதிவு வாங்க வேண்டும். இரண்டு பதிவுக்கும் முன்னால் நகராண்மைக் கழகம், தீயணைப்பு மீட்புப் படை, சுகாதார அலுவலகம் என்று அதே வாசல்களில் ஏறி இறங்க வேண்டும்.

பாடத்திட்டம் ஒன்றுதான் என்பது ஆறுதல். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. யார் நடத்தினாலும் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும். எந்தத் தாமானில் யார் நடத்துவது என்பதைத்தான் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அனுமதி மட்டும் கொடுக்கும் மன்றம்

நகராண்மைக் கழகத்தைத் திட்டுவது நமக்கெல்லாம் பொழுதுபோக்கு. இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் நாட்டில் நகராண்மைக் கழகத்தின் கடமைப் பட்டியலில் பாலர் கல்வி இல்லை. பாலர் பள்ளிக்கு ஆசிரியரை நியமிக்க அதற்கு அதிகாரம் இல்லை. அதற்கென்று பணமும் வருவதில்லை. கதவு வரி, உரிமக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், கொஞ்சம் மானியம் என்று வருவதில் குப்பையும் வடிகாலும் சாலையும் போனால் மிச்சம் பெரிதாக இருக்காது.

ஆனால் ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் அதற்கு நிறைய உண்டு. தரை வீடு ஒன்றைப் பாலர் பள்ளியாக மாற்ற வேண்டுமா? நிலத்தின் பயன்பாடு குடியிருப்பு. திட்டமிடல் அனுமதி வேண்டும். நடு வீடு என்றால் கடினம். மூலை வீடு, இரட்டை வீடு, தனி வீடு என்றால்தான் பல மன்றங்கள் பரிசீலிக்கும். அக்கம்பக்கத்து வீட்டாரின் சம்மதத்தைக் கேட்பார்கள். காலையில் கார்கள் வந்து நிற்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தீயணைப்புப் படை வெளியேறும் வழியைப் பார்க்கும். சமையல் செய்கிறவர் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். பெயர்ப்பலகைக்குத் தனி உரிமம். அதில் மலாய் எழுத்து முதன்மையாக இருக்க வேண்டும், வாசகத்துக்கு டேவான் பஹாசாவின் ஒப்புதலும் வேண்டும். தமிழில் பெயர் எழுத ஆசைப்படுகிறவர்கள் சின்ன எழுத்தில் கீழே எழுதிக்கொள்ளலாம்.

இவை ஒன்றுகூட வீண் இல்லை. பூட்டிய இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த விதிகள் வேண்டும் என்றுதான் எந்தப் பெற்றோரும் சொல்வார்கள். விதிகளைச் சமாளிக்கும் பணமும் பொறுமையும் வசதியுள்ள நிறுவனங்களுக்கு இருக்கிறது, அடுக்குமாடிக்குப் பக்கத்தில் மாதம் 150 வெள்ளிக்கு நடத்த நினைக்கிறவருக்கு இல்லை என்பதுதான் சிக்கல். அவர் ஒன்று விட்டுவிடுகிறார், அல்லது பதிவில்லாமல் நடத்துகிறார். எங்கள் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இல்லையென்றால் எட்டு அம்மாக்கள் வேலைக்குப் போக முடியாது.

இதே நேரத்தில், எங்கள் தாமானின் பின்பக்கத்தில் ஒரு காலி லோட் கிடக்கிறது. மேம்பாட்டாளர் வீடு விற்றபோது காட்டிய வரைபடத்தில் அந்த இடத்தில் ‘தாடிகா’ என்று அச்சிட்டிருந்தது. பாலர் பள்ளி மனை. சாவி வாங்கி 11 வருடம் ஆகிறது. அங்கே லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது. குடியிருப்பின் அளவுக்கேற்ப பாலர் பள்ளிக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் திட்டமிடல் வழிகாட்டிகள் நம் நாட்டில் நன்றாகவே இருக்கின்றன. ஒதுக்குவதோடு மன்றத்தின் வேலை முடிந்துவிடுகிறது. மனை மேம்பாட்டாளருடையது, கட்டச் சொல்லி அவரை யாரும் கேட்பதில்லை. வாங்கிக் கட்டும்படி எந்த அமைச்சிடமும் மன்றம் சொல்ல முடியாது. அமைச்சின் துறைகளுக்கோ இப்படி ஒரு மனை இருப்பதே தெரியாது. நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது ஓர் அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை நிதானமாகப் பார்த்தார். “நல்ல இடம்” என்றார்.

ஆயாக் கொட்டகை

நம்மவர்களுக்கு இது புதிய தேவை இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களிடம் ஆயாக் கொட்டகை என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். விடியுமுன் பெரட்டுக்குப் போகிற அம்மா, தூங்கும் பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் விடுவார். துணித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஆயா பால் கரைத்துக் கொடுப்பார். அங்கே பாடம் நடந்தது என்று நான் அளந்துவிட மாட்டேன். பல கொட்டகைகள் இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தன, ஒரே ஆயா இருபது பிள்ளைகளைச் சமாளித்தார் என்று அங்கே வளர்ந்தவர்களே சொல்வார்கள். வெள்ளைக்காரன் அதை அன்பினால் கட்டவில்லை. அம்மா பால்மரம் சீவ வேண்டும், அதற்காகக் கட்டினான்.

இருந்தாலும் அதில் ஒரு தெளிவு இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தக் கடமை எழுத்தில் இருக்கிறது. கூரை ஒழுகினால் போய் நிற்க ஓர் அலுவலகம் இருந்தது. கிராணியிடம் சொல்லலாம், தொழிற்சங்கத்திடம் சொல்லலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிறகு வீடமைப்பாக மாறி, நம் குடும்பங்கள் அடுக்குமாடிக்கு வந்தபோது வீட்டுக்குப் பதில் வீடு கேட்டோம். சில இடங்களில் கிடைத்தது. கோயிலுக்கு இடம் கேட்டோம், பள்ளிக்கு இடம் கேட்டுப் போராடினோம். ஆயாக் கொட்டகைக்குப் பதில் என்ன என்று கேட்டதாக எனக்குத் தெரிந்த எந்தத் தோட்டத்துக் கதையிலும் இல்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது. தோட்ட நிர்வாகத்தின் கடமை தோட்டத்தோடு போயிற்று. நகரத்தில் அதை ஏற்க யாரும் இல்லை.

நேரத்தையும் பாருங்கள். கொட்டகை அம்மாவின் வேலை நேரத்துக்குத் திறந்தது. இன்றைய அரசாங்கப் பாலர் வகுப்பு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். காலையில் தொடங்கி நண்பகலோடு முடிந்துவிடும். கல்வி என்ற கோணத்தில் அது போதும். ஆனால் தொழிற்சாலையில் ஏழு மணிக்கு ஷிப்ட் ஏறி மாலை ஏழு மணிக்கு இறங்குகிற அம்மாவுக்கு, பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையை யார் போய்க் கூட்டிவருவது? எங்கள் 31 பேரில் இரண்டு குடும்பங்கள் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் கிடைத்த இடத்தை இதற்காகவே விட்டுக்கொடுத்தன. இலவச இடத்தை விட்டுவிட்டு ஆன்ட்டி வீட்டுக்குக் காசு கட்டினார்கள். அலட்சியம் என்று அவர்களைச் சொன்னால் அது அநியாயம்.

25 நாற்காலி

தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு ஒன்றில் அதிகபட்சம் 25 பிள்ளைகள். பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், ஒரு துணையாளர், பசியாற உணவு, கல்விக் கட்டணம் கிடையாது. இத்தனையும் வைத்துப் பார்த்தால் இந்த நாட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கிடைக்கிற மிக நல்ல பாலர் கல்வி அதுதான் என்பது என் கருத்து. தமிழில் தொடங்கி மலாயும் ஆங்கிலமும் கூடவே வருகிறது. பாலர் வகுப்புக்கு வந்த பிள்ளை பெரும்பாலும் அதே பள்ளியில் முதலாம் ஆண்டுக்குத் தொடர்கிறது. மாணவர் எண்ணிக்கை சரிகிறது என்று கவலைப்படும் தலைமையாசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பாலர் வகுப்பு இல்லை. தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்ட சின்னப் பள்ளியில் வகுப்பறை இருக்கும், பிள்ளை இருக்காது. நகரத்துப் பள்ளியில் 25 இடத்துக்கு எழுபது, எண்பது விண்ணப்பம் வரும். இன்னொரு வகுப்பு கட்டலாமே என்பீர்கள். பள்ளி நிலம் தனியாருடையதாக இருந்தால் நில உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். கட்டட வரைபடத்துக்கு நகராண்மைக் கழகம் ஒப்புதல் தர வேண்டும். ஆசிரியர் பணியிடத்துக்கு அமைச்சு ஒப்புதல் தர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் நன்கொடை திரட்டிக் கட்டடத்தை எழுப்பிவிட்டு, ஆசிரியர் வருவதற்காக உட்கார்ந்திருக்கும் நிலை வருவது இப்படித்தான்.

அடுத்து வரப்போவதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2013 முதல் 2025 வரைக்கான மலேசியக் கல்விப் பெருந்திட்டம், எல்லாப் பிள்ளைகளும் பாலர் கல்வி பெற வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2025 ஜூலையில் தாக்கலான 13-ஆவது மலேசியத் திட்டம் ஐந்து வயதில் இருந்தே பாலர் கல்வி என்கிறது. நல்ல கொள்கை. அந்த ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்காரும் அறை எந்தத் தாமானில், எந்த மனையில் எழும் என்ற கேள்வியைப் புத்ராஜெயாவில் இருந்துகொண்டு தீர்க்க முடியாது. உள்ளூர்க்காரன் ஒருவன் எண்ணிச் சொல்ல வேண்டும்.

பொறுப்பை ஊரிடம் கொடுத்த ஒரு நாடு

சுவீடனில் அந்த வேலையை நகராட்சியிடமே கொடுத்திருக்கிறார்கள். அங்கே 290 நகராட்சிகள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, பெற்றோர் வேலை பார்க்கிறார்கள் அல்லது படிக்கிறார்கள் என்றால், விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் நகராட்சி இடம் தர வேண்டும். முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்தில் தர வேண்டும். சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. தவறினால் பள்ளி ஆய்வுத் துறை அபராத எச்சரிக்கையோடு நகராட்சிக்கு உத்தரவு போடும். 2002-இல் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. முதல் பிள்ளைக்குக் குடும்ப வருமானத்தில் 3 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது.

அங்கே எல்லாம் இனிப்பு என்று சொல்லிவிட முடியாது. வரி கட்டுகிற இளைஞர்கள் வெளியேறிவிட்ட வடக்குப் பகுதியின் சிறிய நகராட்சிகள் திணறுகின்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைப்பதில்லை. ஒரு குழுவில் பிள்ளைகள் அதிகம் என்று பெற்றோர் புகார் சொல்கிறார்கள். பணக்கார ஊருக்கும் ஏழை ஊருக்கும் தரத்தில் வித்தியாசம் வருகிறது. பொறுப்பை ஊரிடம் கொடுத்தால் இந்தத் தலைவலியும் கூடவே வரும். ஆனால் அந்த ஊர் அம்மாவுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். அங்கே பெரும்பாலோர் கட்டும் வருமான வரி உள்ளூர் நகராட்சிக்கும் வட்டாரத்துக்கும்தான் போகிறது. கையில் பணம் இருப்பதால்தான் கடமையைச் சுமத்த முடிகிறது. நம் நகராண்மைக் கழகங்களிடம் பணம் கொடுக்காமல் கடமையை மட்டும் கொடுத்தால், கதவு வரி ஏறும், வேறு ஒன்றும் நடக்காது.

பக்கத்தில் சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே மாநிலம், ஊராட்சி என்ற அடுக்குகளே கிடையாது. 2013-இல் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பை உருவாக்கி, குழந்தைப் பராமரிப்பையும் பாலர் பள்ளியையும் ஒரே கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். வீடு கட்டுகிற கழகமும் பாலர் பள்ளிக்குத் திட்டமிடுகிற அமைப்பும் பேசிக்கொள்வதால், புதிய புளோக்கின் கீழ்த்தளத்திலேயே பாலர் பள்ளி வந்துவிடுகிறது. 2014-இல் இருந்து கல்வி அமைச்சு நேரடியாக நடத்தும் பாலர் பள்ளிகளில் தமிழும் இருக்கிறது. சின்ன நாடு, ஒரே அரசாங்கம். அப்படியே நாம் செய்ய முடியாது. பள்ளியையும் வீட்டையும் ஒரே வரைபடத்தில் பார்க்கும் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கலாம்.

நாம் ஓட்டுப் போடாத மன்றம்

எங்கள் பகுதிக்கு ஒரு நகராண்மைக் கழக உறுப்பினர் இருக்கிறார். நல்ல மனிதர், கூப்பிட்டால் வருவார். ஆனால் அவர் எங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி ஒவ்வொரு மன்றத்துக்கும் 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று வருடத்துக்கு மேல் இல்லை. பாலர் பள்ளி போல ஐந்து, ஆறு வருடம் பின்தொடர வேண்டிய காரியத்துக்கு இது தோதாக இல்லை. எங்கள் லோட் விஷயத்தை நான் ஆரம்பத்தில் இருந்து விளக்கிச் சொன்ன மூன்றாவது உறுப்பினர் இவர்.

ஊராட்சித் தேர்தல் இந்த நாட்டில் இருந்தது. 1965-இல் இந்தோனேசிய மோதல் காலத்தில் நிறுத்திவைத்தார்கள். ஊராட்சி மன்றங்களை ஆராய அதே வருடம் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது 1968-இல் அந்த ஆணையம் சொன்ன பரிந்துரை. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 சட்டம் தேர்தலை ஒரேயடியாக எடுத்துவிட்டது. பினாங்கு மாநிலம் பிறகு முயன்றுபார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தேர்தல் வந்தால் மறுநாளே பாலர் பள்ளி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நாலு வயதுப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஓட்டுப் போடுகிற வயதில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேர்தல் இல்லாவிட்டாலும் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி மன்றம் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், குறைந்தது நான்கு வாரம். எந்த மனை என்ன நிறம் என்று அதில் இருக்கும். யாரும் போய்ப் பார்க்கலாம், எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் தெரிவித்தவரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டும். எங்கள் மன்றம் வரைவை வைத்தபோது நாங்கள் போய்ப் பார்த்தோம். பாலர் பள்ளி மனை வணிக நிறத்துக்கு மாறியிருந்தது. அன்று இரவே புலனக் குழுவில் படத்தைப் போட்டோம். அடுத்த வாரத்துக்குள் 64 கடிதங்கள். தமிழ்க் குடும்பங்கள் மட்டும் எழுதவில்லை. மலாய்க்கார அண்டை வீட்டார் 20 பேர், சீனர்கள் ஏழு பேர். அவர்கள் பிள்ளைகளும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் பகுதியில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் இருந்து சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் பிள்ளைகளை எண்ணுங்கள். பெயர், வயது, வீட்டு எண், அம்மா வேலைக்குப் போகிற நேரம். ‘நிறையப் பிள்ளைகள்’ என்று சொன்னால் எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ள மாட்டார். ‘31’ என்றால் எழுதிக்கொள்வார். வீடு வாங்கும்போது கொடுத்த பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். மன்றத்துக்குச் சொந்தமான பொது மண்டபம் இருந்தால் காலை வேளையில் அது காலியா என்று பாருங்கள். கட்டடம் இருக்கிறது என்று சொன்னால் பாலர் பள்ளி நடத்தும் துறைகள் காது கொடுத்துக் கேட்கின்றன. எல்லாத் துறைக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள், யார் யாருக்கு நகல் போகிறது என்று அதிலேயே காட்டுங்கள். தனியார் பாலர் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தால், கல்வி இலாகாவின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். பதிவு உள்ளவர்கள் அதைச் சுவரில் மாட்டித்தான் வைத்திருப்பார்கள்.

எங்கள் ஆட்சேபத்துக்கு விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. மூன்று பேர் வரலாம் என்று போட்டிருக்கிறார்கள். அடுக்குமாடியில் இருந்து வந்து முதலில் கேட்ட தங்கை அன்றைக்கு ஷிப்ட் மாற்றி வாங்கியிருக்கிறார். அவருடைய மூத்தவன் இதற்குள் முதலாம் ஆண்டுக்குப் போய்விட்டான். சின்னவளுக்கு இப்போது நாலு வயது.